நீங்க நீங்களாவே இருங்க, சார்

படப்பிடிப்பு தொடங்கி அன்று நான்காம் நாள். வீட்டில் இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

“மூணு நாள்ல நீங்க முப்பத்தேழு தடவை தண்ணி குடிச்சிருக்கீங்க சார்,” என்றார் இயக்குநர். “அதை மட்டும் வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்ட முடியாது.”

பல்செட்காரர் கையிலிருந்த தம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். அதையும் கேமரா எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு பல் டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருபத்தொரு வருடமாகப் பல்செட் செய்கிறவர் அவர். அந்த வட்டாரத்தில் அறுபது வயதுக்கு மேல் வாய்விட்டுச் சிரிப்பவர்களில் பாதிப் பேர் அவருடைய கைவேலையைக் காட்டித்தான் சிரித்தார்கள். அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் தீர்ந்ததும் மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான்.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளர். “கிளட்ச், கிளட்ச், கிளட்ச்” என்று அவர் போடும் சத்தத்துக்கு அடுத்த தெருவில் போகிற வண்டிகள்கூட ஒரு நொடி தயங்கும். அந்தப் பள்ளியில் மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் சுவரில் முட்டியவர்தான் இந்த இயக்குநர்.

அவர் அதற்கு முன் இரண்டு படம் எடுத்திருந்தார். இரண்டும் ஒரே வாரத்தில் சுருண்டன. படங்களைக் கெடுத்தது கதைதான் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். பார்த்தவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். ஆனால் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லாததால் அது எடுபடவில்லை. இனிமேல் கதை கிடையாது, வசனம் கிடையாது, நடிகர்கள் கிடையாது, ஒரு வீட்டுக்குள் போய் நடப்பதை நடந்தபடி எடுப்பதுதான் சினிமா என்று அவர் ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறார். முதலில் ரோட்டைப் பாருங்கள் என்றாராம் பயிற்சியாளர். ஒரு மாதம் கழித்து, “நம்ம வீட்டையே எடுக்கட்டுமே” என்று கணவரிடம் வந்து சொன்னார். பல்செட்காரர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

இயக்குநர் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று. “நீங்க நீங்களாவே இருங்க, சார்.”

அதில்தான் வந்தது வினை. அப்படிச் சொன்ன நிமிடத்திலிருந்து தாம் எப்படி இருப்பவர் என்பதே பல்செட்காரருக்கு மறந்துபோயிற்று. காதைச் சொறிவார். நாம் வழக்கமாகக் காதைச் சொறிகிற ஆள்தானா என்று சந்தேகம் வரும். நிறுத்துவார். நிறுத்தியது செயற்கையாகத் தெரிந்திருக்குமோ என்று மறுபடி சொறிவார். ஒன்றும் தோன்றாதபோது தண்ணீர் குடிப்பார்.

கேமராக்காரர் ஒருவர் இருந்தார். அவரவர் வீட்டிலேயே அவரவரை ரெண்டு அங்குலம் தள்ளி நிற்கச் சொல்வது அவர் வேலை. அப்புறம் ஒலிப்பதிவாளர். காதில் பெரிய கருவி, கையில் நீளக் கோல், கோலின் நுனியில் நாய்க்குட்டி போல முடி வைத்த மைக். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அவருக்குக் குஞ்சம் என்று பெயராகிவிட்டது.

நான்காம் நாள் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிவிட்டு இயக்குநர் கேட்டார்: “உங்களுக்குக் கோபமே வராதா சார்?”

பல்செட்காரர் யோசித்தார். பல்லின் நிறம் ஈறோடு ஒத்துப்போகாவிட்டால் வரும் என்றார்.

“வீட்டுல?”

இன்னும் யோசித்தார்.

“உங்க மச்சினர் காலைல குளியலறைக்குள்ள போனா நாற்பது நிமிஷம் வெளிய வர்றதில்லையாமே?”

பல்செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். மச்சினன் என்பவன் மனைவியின் தம்பி. ஒரு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லி ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தவன். வேலை கிடைக்கவில்லை. அது வழி தவறி வீட்டுக்கு வந்திருந்தாலும் அவன் குளியலறையில்தான் இருந்திருப்பான். ஆனால் இதையெல்லாம் மூன்றே நாளில் இந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்? கலைஞர்களுக்குக் கண் கூர்மை என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று அவர் வியந்துகொண்டார்.

“நான் எதுவும் எழுதித் தரல சார். எழுதினா அது பொய். சும்மா ஞாபகப்படுத்துறேன். போய்க் கதவைத் தட்டுங்க. மனசுல என்ன வருதோ அதைப் பேசுங்க.”

முதல் முறை அவர் தட்டியது பக்கத்தில் இருந்த குஞ்சத்தின் மைக்கிலேயே விழவில்லை. இரண்டாம் முறை, “தம்பி, நேரம் கிடைச்சா வெளிய வாப்பா” என்றார். இன்னும் கொஞ்சம் நீங்களாக இருங்கள் என்றார் இயக்குநர். மூன்றாம் முறை ஆறு வருடமும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. தினமும் பல் விளக்காமல் பல்செட் செய்யப் போகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான் என்றும், இது குளியலறையா, குத்தகைக்கு எடுத்த நிலமா என்றும் அவர் கத்தினார். கத்துவது தாம்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. ஆனால், உண்மையைச் சொன்னால், சுகமாகவும் இருந்தது.

கதவு திறந்தது. தலை நிறைய நுரையோடு மச்சினன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஆவி. இவருக்குப் பின்னால் மனைவி.

“அருமை,” என்றார் இயக்குநர். “அப்படியே, இதே மாதிரி, இயல்பா இன்னொரு தடவை.”

நான்கு தடவை இயல்பாக நடந்தது. அதற்குள் மனைவியின் முகம் இறுகிவிட்டது. அன்று பகல் முழுக்க அவர் இவரிடம் பேசவில்லை.

பல்செட்காரருக்கு மனசு கேட்கவில்லை. பிளந்த பல்செட் தட்டை ஒட்டி, பாலிஷ் போட்டு, விரிசல் தெரியாமல் கொடுத்துப் பழகிய கை. மாலையில் கேமராவுக்கு முன்னாலேயே மச்சினன் தோளில் கைபோட்டு, இவன் எனக்கு மச்சினன் இல்லை, பெறாத பிள்ளை, இருக்கிறவரை இந்த வீட்டில் இவன் இருக்கலாம் என்றார்.

மச்சினன் அத்தானைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் நண்பன் வீட்டில் இத்தனை நாள் போட்டுவைத்திருந்த உடற்பயிற்சிப் பெஞ்சைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டான். இருக்கிறவரை இருக்கலாம் என்றால் சாமானும் இருக்க வேண்டியதுதானே.

அதைப் பார்த்து மனைவியின் கோபம் இரண்டு மடங்காயிற்று. பல்செட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

“உன் தம்பியைத் திட்டினேன்னுதானே கோவம்? இப்பத்தான் கொஞ்சியாச்சே.”

“அவன் என் தம்பி. நான் திட்டலாம், நீங்க திட்டக்கூடாது. அதுக்காகக் காலம் பூரா இங்கேயே கெடன்னு எழுதிக் குடுக்கச் சொன்னேனா?”

“நான் எழுதிக் குடுக்கலையே. சும்மா மனசுல வந்ததைத்தான்…”

“உங்க மனசுல நல்லதா ஒண்ணுமே வராதா?” என்று கேட்டுவிட்டு, கேமராக்காரர் சொன்னதற்கு இணங்க ரெண்டு அங்குலம் இடது பக்கம் தள்ளி நின்று அதையே மறுபடி கேட்டார்.

இதற்குள் தெருவுக்கு விஷயம் பரவிவிட்டது. பதினைந்து வருடமாக அந்த வீட்டுப் படி ஏறாதவர்கள் சர்க்கரை கடன் கேட்டு வரத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒரே காலையில் மூன்று முறை வந்தார், மூன்று உடுப்பில். மாடிப்படியில் ஓய்வுபெற்ற ஒருவர் காலை முதல் மாலை வரை செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டபடி நின்றார். பேப்பர் போன வாரத்துடையது. எல்லோரும் அவர்களாகவே இருந்தார்கள்.

வீட்டில் புழுக்கம் தாங்காமல் பல்செட்காரர் வேலை செய்யும் இடத்திலேயே கூடுதல் நேரம் இருக்க ஆரம்பித்தார். படக்குழு அங்கேயும் வந்தது. இங்கே கேமரா கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன பல் டாக்டர், மறுநாள் தலைக்குச் சாயம் அடித்து, புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து அதையே இன்னொரு முறை கண்டிப்பாகச் சொன்னார்.

அன்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்குப் புதுப் பல்செட் பொருத்திப் பார்க்கும் நாள். பல்செட்காரர் மூன்று வாரம் உழைத்துச் செய்தது. பதினாறு நிறங்களை வைத்துப் பார்த்து, வாத்தியாரின் பழைய புகைப்படத்தைப் பார்த்து, முன்பல் ஒன்றை வேண்டுமென்றே லேசாகத் திருப்பி வைத்திருந்தார். எல்லாப் பல்லும் ஒழுங்காக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் தொழிலில் கற்றது. வாத்தியார் பல்லை மாட்டினார், கண்ணாடியைப் பார்த்தார், தும்மினார். பல்செட் பறந்து போய்க் கைகழுவும் தொட்டியில் விழுந்தது.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அற்புதம் சார். அப்படியே இயல்பா இன்னொரு தடவை விழட்டும்.”

வாத்தியார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்மை ஒருவர் பாராட்டிய மயக்கத்தில் இருந்தார். மறுபடி தும்மினார். கேமராக்காரர் தொட்டியை ரெண்டு அங்குலம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். வேண்டாம் என்று பல்செட்காரர் கெஞ்சினார். இதெல்லாம் உங்கள் முகத்தில் நன்றாகத் தெரிகிறது சார், அப்படியே கெஞ்சுங்கள் என்றார் இயக்குநர். ஆறாவது தும்மலில் பல்செட் இரண்டாகப் பிளந்தது. மூன்று வார உழைப்பு. புதுசு தயாராகிறவரைக்கும் வாத்தியார் வாயில் ஒன்றுமில்லாமல் ஊரெல்லாம் சுற்றி, பல்செட்காரர் செய்த பல் ஒரு தும்மலுக்குத் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து தும்மலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, கணக்கு வாத்தியாராக இருந்தும்.

இரண்டாவது வாரம் ஒரு விசித்திரத்தைப் பல்செட்காரர் கவனித்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போது மனைவி இவரிடம் நன்றாகப் பேசுகிறார். சண்டைதான், ஆனாலும் பேச்சு. விளக்கு அணைந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். டீ வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட இவர் விளக்கு எரிகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. படக்குழு சாப்பிடப் போகிற நேரங்களில் வீடு காலியாக இருப்பது போல இருக்கும். எப்போது திரும்பி வருவார்கள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அப்படி அவர்கள் திரும்பி வந்த ஒரு பகலில்தான் இயக்குநர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உங்க மனைவி கார்ல நீங்க ஏறினதே இல்லையாமே சார்?”

பல்செட்காரர் கண்ணாடியைக் கழற்றினார். யார் சொன்னது என்று கேட்டார். இதெல்லாம் காற்றில் வருவதுதான் என்றார் இயக்குநர்.

உண்மைதான். பதினெட்டு வருடமாக மனைவி கார் ஓட்டுகிறார். இருநூறு முந்நூறு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். காலையில் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில்தான் கிளம்புவார்கள். அவர் காரில் போவார். இவர் பேருந்தில் நின்றுகொண்டு போவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

“காரணம் என்ன சார்? மனசுல வர்றதைச் சொல்லுங்க.”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனசில் வந்ததைச் சொல்லப் பல்செட்காரருக்கு வாய் வரவில்லை. அதனால் வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்தார்.

“அவ நல்லாத்தான் ஓட்டுவா. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்னு ஆசை.”

கேமராக்காரர் சிரித்தார். மச்சினன் பெஞ்சில் படுத்தபடி சிரித்தான். சர்க்கரை வாங்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தபோது சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்.

வாசல் வரை போனவரைக் கேமராக்காரர் நிறுத்தினார், பெட்டியின் கைப்பிடி தெரியவில்லையாம். இரண்டாம் முறை குறுக்கே எதிர்வீட்டு அம்மாள் நின்றார். மூன்றாம் முறை, இன்னும் நிதானமாக, படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகலாமே, வற்புறுத்தவில்லை, தோன்றினால் மட்டும் என்றார் இயக்குநர். நான்காம் முறை மனைவி நிதானமாக நடந்தார். படியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஐந்தாம் முறைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கார் திரும்பி வரவில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பல்செட்காரர் போன் செய்தார். மனைவி தன் அக்கா வீட்டில் இருந்தார்.

“ஏம்மா, நிஜமாவே போயிட்டியா, இல்ல படத்துக்குப் போயிருக்கியா?”

“பக்கத்துல கேமரா ஓடுதா?”

“ஓடுது.”

“அப்ப படத்துக்கு.”

அவர் கையைக் காட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். “இப்ப ஓடல. இப்பச் சொல்லு.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் நடந்ததைத்தான் படத்தில் தனிமைப் பகுதி என்று பின்னால் விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். பல்செட்காரர் காலையில் இரண்டு தம்ளரில் டீ போட்டார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் அக்காவை நினைத்து அழுதான். கேமராவுக்கு இடது பக்கம் அழுதால் நன்றாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே அழுதான். மூன்றாம் நாள் காலையில், தனக்குள் ஒரு நடிகன் இருப்பதை இப்போதுதான் உணர்ந்திருப்பதாகவும், நடிப்புப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் தங்கிப் படிக்கப்போவதாகவும் சொல்லி, அத்தானிடம் விடைபெற்று, பெஞ்சோடு கிளம்பிப் போனான். ஆறு வருடத்தில் அவன் காட்டிய முதல் சுறுசுறுப்பு அதுதான்.

குளியலறை காலியாக இருந்தது. பல்செட்காரர் அதன் கதவைத் திறந்து பார்த்தார். இஷ்டம் போலப் பல் விளக்கலாம். விளக்கத் தோன்றவில்லை.

கூடத்துக்கு வந்து, சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றித் தம்ளர் தண்ணீருக்குள் போட்டார். குஞ்சம் காதைப் பொத்திக்கொண்டார்.

“போதும். படம் முடிஞ்சுது. எல்லாரும் கிளம்புங்க. நான் நாளைக்குப் போய் என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப்போறேன். அங்க யாரும் வரக்கூடாது.”

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. உங்கள் விருப்பம் சார் என்று இயக்குநர் உடனே சாமான்களை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார். போகும்போது, நாளைக்கு எத்தனை மணிக்குப் போவதாக உத்தேசம் என்று மட்டும் விசாரித்தார். சும்மாதான் கேட்டாராம். நாலு மணிக்கு என்றார் பல்செட்காரர்.

மறுநாள் பேருந்தில் நின்றுகொண்டே போனார். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டு முறை தம்மையறியாமல் வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும், பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றார்.

மனைவியின் அக்கா கதவைத் திறந்தார். கூடத்தில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. திரைச்சீலை பாதி விலகி, வெளிச்சம் சரியாக அந்த நாற்காலியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் கேமராக்காரர் இருந்தார். தலைக்கு மேலே முடி வைத்த மைக் மெல்ல இறங்கி வந்தது. இயக்குநர் மூலையில் கைகட்டி நின்றுகொண்டு, எதேச்சையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். பல்செட்காரர் இதையெல்லாம் மின்விசிறியைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டு வாரப் பழக்கம். கேமரா இல்லாத அறைதான் இப்போது அவருக்கு வினோதமாக இருந்திருக்கும்.

மனைவி எதிரே உட்கார்ந்திருந்தார். பல்செட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேருந்தில் தயார் செய்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“உயிர் ஆசைன்னு நான் சொன்னது பொய்,” என்றார். “கல்யாணமான புதுசுல நான் கார் ஓட்டக் கத்துக்கப் போனேன். உனக்குத் தெரியாது. பதினோரு நாள் போனேன். பன்னெண்டாம் நாள் ஒரு ரொட்டிக் கடைக்குள்ள விட்டுட்டேன். அதோட சரி. அப்புறம் நீ போனே. முதல் தேர்வுலயே வாங்கிட்டே. எல்லாரும் உன்னைப் பாராட்டினாங்க. நானும் பாராட்டினேன். ஆனா உன் பக்கத்துல வந்து உக்கார முடியல. உக்காந்தா, எனக்கு வராத ஒண்ணு உனக்கு வந்திருக்குன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பதினெட்டு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போயிட்டேன்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

“பல்லைப் பத்தி நான் மணிக்கணக்காப் பேசுவேன், நீ கேப்பே. இன்னிக்கு யாருக்குக் கத்துக்குடுத்தே, யார் சுவத்துல முட்டினாங்கன்னு நான் ஒரு நாள்கூட உன்னைக் கேட்டதில்ல. வீட்டுக்கு வந்துடும்மா. நான் முன் சீட்டுல உக்காந்து வர்றேன்.”

சொல்லிவிட்டு அவர் அழுதார். கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து அழுதார். மனைவியின் அக்கா அழுதார். கேமராக்காரர் யாரையும் நகரச் சொல்லவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது வெளியே ஒரு நாய் குரைத்தது.

குஞ்சம் வருத்தத்தோடு கையை உயர்த்தினார்.

ஒலி கெட்டுவிட்டது என்று அர்த்தம். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பல்செட்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன் என்றார். இரண்டாம் முறை இன்னும் நன்றாக அழுதார் என்பதைப் பின்னால் அவரே ஒத்துக்கொண்டார்.

இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முதல் திருப்பத்தில் பல்செட்காரர் அதை மிதித்துவிட்டார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். கேமரா இல்லாமல் அவர் சிரித்து இரண்டு வாரமாகியிருந்தது. இன்றைக்கு யாருக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று பல்செட்காரர் கேட்டார். வீடு வருகிறவரை மனைவி சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து காலையில் இருவரும் ஒன்றாகவே போனார்கள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வெளிவந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. பெரிய மனிதர்கள் பார்த்துக் கண்கலங்கினார்கள். ஒரு விமர்சகர், எந்த எழுத்தாளன் மூளையைக் கசக்கினாலும் அந்த ரொட்டிக் கடையை எழுதியிருக்க முடியாது என்று எழுதினார். இன்னொருவர், எழுத்தாளர்களின் காலம் முடிந்துவிட்டது என்றே அறிவித்தார். அதற்கு அவர் நான்கு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

ஒரு விழாவில் படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். எழுதப்படாத உண்மைக்கான பரிசு என்று அதற்குப் பெயர். மேடையில் இயக்குநர், நான் செய்தது ஒன்றுமே இல்லை, வாழ்க்கை நடந்தது, நான் ஓரமாக நின்றேன் என்றார். பலமான கைதட்டல். பிறகு பல்செட்காரரை அழைத்தார்கள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். இப்போதெல்லாம் மைக்கைக் கண்டால் அவருக்குப் பயமில்லை.

“எனக்கு யாரும் ஒரு வரிகூட எழுதித் தரல,” என்றார். “இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு யாரும் சொல்லல. கோவம், அழுகை எல்லாம் என் மனசுலேருந்து தானா வந்துச்சு. நான் நானாவே இருந்தேன், அவ்வளவுதான்.”

அரங்கமே எழுந்து நின்றது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவிதான் எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினார். அதைப் பார்த்து மேடையிலேயே பல்செட்காரருக்குக் கண் நிறைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். பல்செட்காரர் பரிசுக் கேடயத்தை அலமாரியில் எந்தப் பக்கம் வைத்தால் வாசலில் நுழைகிறவர் கண்ணில் படும் என்று ரெண்டு அங்குலம் அங்கும் இங்குமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. குஞ்சம் நின்றுகொண்டிருந்தார். காதில் கருவி இல்லை, கையில் கோல் இல்லை. அதனால் அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

பல்செட்காரர் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். விழாவில் தாம் பேசியதைக் கேட்டீர்களா என்று விசாரித்தார். குஞ்சம் தலையாட்டினார். இத்தனை நாள் நம்மோடு இருந்தும் நீங்கள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லையே என்று பல்செட்காரர் உரிமையோடு குறைப்பட்டுக்கொண்டார்.

குஞ்சம் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அடுத்த படத்துக்கு உங்க வீட்டு அக்கா எழுதிக் குடுத்ததை இயக்குநர் படிச்சிட்டார் சார். போன படத்துல எழுதினதைவிட இதுல உங்களுக்கு அழுகை ஜாஸ்தியா வச்சிருக்காங்களாம், கொஞ்சம் குறைக்க முடியுமான்னு அக்காகிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்.”